புத்தகம் கேட்டோம், ஆள் கேட்டோமா?



சிம்பாங் ரெங்கம் என்றதும் மலேசியத் தமிழர்கள் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது எது? அன்னாசித் தோட்டமா? செம்பனைக் காடா? இல்லை, தடுப்பு முகாம்! 1969-ஆம் ஆண்டு அவசரகாலச் சட்டத்தின் கீழ், நீதிமன்ற வாசலையே பார்க்காமல் ஈராண்டுக் காவல் என்று அனுப்பப்பட்ட எத்தனையோ தமிழ் இளைஞர்கள் இங்குதான் அடைக்கப்பட்டார்கள். பிள்ளையைப் பார்க்க வெளி மாநிலங்களிலிருந்து பேருந்து ஏறி வந்த தாய்மார்களுக்கு இந்த ஊர்ப் பெயர் அழுகையோடு சேர்த்துத்தான் தெரியும். 2011-இல் நாடாளுமன்றம் அந்த அவசரகாலப் பிரகடனங்களை நீக்கியது. ஆனால் சிறைச்சாலை இன்னும் இங்கே இருக்கிறது. பெயரும் ஊரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்த மதிலுக்கு வெளியே வாழும் நம் பிள்ளைகளைப் பற்றி இன்று பேசுவோம். பள்ளி முடிந்து மாலை 3 மணிக்கு வீடு திரும்பும் பிள்ளை எங்கே போகிறது? அப்பா தொழிற்சாலையில் ஷிப்ட். அம்மாவுக்கும் வேலை. இரண்டு அறை கொண்ட மலிவு விலை வீட்டில் உட்கார்ந்து படிக்க ஒரு மேசை போட இடமில்லை. கடைத்தெரு மட்டும் எந்நேரமும் திறந்திருக்கிறது. கைப்பேசி கையில் இருக்கிறது. பணம் கேட்காமல், "ஏன் வந்தாய்?" என்று கேட்காமல், விளக்கும் விசிறியும் மேசையும் புத்தகமும் கொடுத்து உட்காரச் சொல்லும் இடம் உலகத்தில் ஒன்றுதான் உண்டு. அது பொது நூலகம்.

"நூலகமா? சோற்றுக்கும் வாடகைக்கும் போராடும் நமக்கு அதெல்லாம் ஒரு பிரச்சினையா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நம் தாத்தா பாட்டி அப்படிக் கேட்கவில்லை.

லயத்தில் பிறந்த வாசிப்பு

ரப்பர் மரம் சீவிய காலத்தில் பல தோட்டங்களில் ஒரு படிப்பகம் இருந்தது. படிப்பகம் என்றால் மாளிகையில்லை. ஒரு பலகைக் கொட்டகை, இரண்டு பெஞ்சு, ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் பத்திரிகை படிப்பார். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். 1924-இல் தொடங்கிய தமிழ் நேசனும், பின்னர் வந்த தமிழ் முரசும் ஒரு பிரதி பத்துக் குடும்பத்தைச் சுற்றி வந்தன. மணிமன்றங்கள் இளைஞர்களைப் புத்தகத்தின் பக்கம் இழுத்தன.

1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமையும்போது அங்கே தமிழுக்கு உரிய இடம் கிடைக்குமா என்ற கேள்வி எழுந்தது. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். அள்ளிக் கொடுத்த செல்வந்தர்களை மட்டும் அவர் நம்பியிருக்கவில்லை. தோட்டத் தொழிலாளி வெள்ளி வெள்ளியாகக் கொடுத்தான். தன் பிள்ளை பல்கலைக்கழகத்தைக் கண்ணால் பார்ப்பானா என்றுகூடத் தெரியாத மனிதன், அங்கே தமிழ் இருக்க வேண்டும் என்று கொடுத்தான்! 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோதும் அதே தொழிலாளிதான் மாதச் சம்பளத்திலிருந்து பத்து ரிங்கிட் எடுத்து வைத்தான்.

ஆகவே, வாசிப்பு நமக்குப் புதிதில்லை. கூட்டாகப் பணம் சேர்ப்பதும் புதிதில்லை. தோட்டம் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, நாம் தாமான்களுக்கு இடம் பெயர்ந்தபோது கோயிலைத் தூக்கிக்கொண்டு வந்தோம். பள்ளிக்காகப் போராடினோம். படிப்பகத்தை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

பணம் இல்லை என்பது உண்மையா?

நூலகத்துக்கு இந்த நாட்டில் பணம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1972-இல் தேசிய நூலகச் சட்டம் வந்தது. மாநிலம்தோறும் பொது நூலகக் கழகங்கள் உள்ளன. ஜோகூருக்கும் ஒன்று உண்டு, குளுவாங்கில் அதற்குக் கிளை உண்டு. கிராமப்புற மக்களுக்காக நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராம நூலகங்கள் உருவாக்கப்பட்டன. கட்டடம், புத்தகம், கணினி, உள்ளூரிலிருந்தே ஓர் உதவியாளர், அவருக்குப் பயிற்சி. நல்ல திட்டம். அதனால் பயன்பெற்ற மலாய்க் கம்பத்துப் பிள்ளைகளைப் பார்த்து நமக்குப் பொறாமை இல்லை. அவர்களும் ஏழைகள்தான்.

நம் கேள்வி ஒன்றே ஒன்று. அந்தக் கிராம நூலகம் ஏன் தோட்டத்துக்குள் வரவில்லை?

பதில் நமக்குப் பழகிப்போனது. "தோட்டம் தனியார் நிலம்." தண்ணீர்க் குழாய் கேட்டபோதும், மின்சாரம் கேட்டபோதும், சாலை கேட்டபோதும் இதே பதில்தான் வந்தது. கம்பம் கிராமம், தோட்டம் கம்பெனி. வரி கட்டும்போது மட்டும் நாம் குடிமக்கள்! தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்த பிறகோ, கிராமத்துக்குரிய திட்டங்களுக்கு நாம் தகுதியில்லை என்றாகிவிட்டது. இப்படிக் கிராமத்திலும் சேராமல் நகரத்திலும் சேராமல் நடுவில் விழுந்தவர்கள் நாம்.

சட்டம் நமக்கு எதிரி இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மலாய் மொழி தேசிய மொழி என்று சொல்லும் அரசியலமைப்பின் 152-ஆவது பிரிவே, மற்ற இனங்களின் மொழியைப் பயன்படுத்தவும் கற்கவும் கற்பிக்கவும் தடையில்லை என்கிறது. அவற்றைக் காப்பாற்ற அரசாங்கங்களுக்கு இருக்கும் உரிமையையும் உறுதிப்படுத்துகிறது. யுனெஸ்கோவின் பொது நூலக அறிக்கை 1949-இல் வந்தது. 1994-இலும் 2022-இலும் திருத்தப்பட்டது. வழக்கமான நூலகச் சேவையைப் பயன்படுத்த முடியாதவர்களுக்குத் தனிச் சேவை வேண்டும் என்று சொல்லும் இடத்தில் 1994-ஆம் ஆண்டு அறிக்கை, மொழிச் சிறுபான்மையினரையும் சிறையில் இருப்பவர்களையும் ஒரே வரியில் குறிப்பிடுகிறது. சிம்பாங் ரெங்கத்தைப் பார்த்துவிட்டு எழுதியதுபோல் இருக்கிறது!

இன்று தேசிய நூலகம் எந்த அமைச்சின் கீழ் இருக்கிறது தெரியுமா? ஒருமைப்பாட்டு அமைச்சின் கீழ். 2021 முதல் 2030 வரையிலான காலத்தைத் தேசிய வாசிப்புப் பத்தாண்டு என்று அரசாங்கமே அறிவித்திருக்கிறது. வாசிப்பும் ஒருமைப்பாடும் அவர்களே சொன்ன சொற்கள். அந்த வாசிப்பில் தமிழ் வாசிப்பும் உண்டா என்று நாம் கேட்பதில் தவறில்லை.

அலமாரி மட்டும் போதாது

இந்தத் தலையங்கத்தில் நாம் சொல்ல வந்த முக்கியமான செய்தி இனிமேல்தான்.

இதுவரை நம் இயக்கங்கள் கேட்டதெல்லாம் புத்தகம். "தமிழ்ப் புத்தகம் வையுங்கள்" என்று மகஜர் கொடுத்தோம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பெட்டி பெட்டியாகப் புத்தக அன்பளிப்பு, மாலை மரியாதை, படம். அதற்குப் பிறகு அந்தப் பெட்டி என்ன ஆயிற்று என்று திரும்பிப் பார்த்தவர் எத்தனை பேர்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நூலகத்துக்குப் போயிருந்தோம். பெயர் வேண்டாம். ஒரு மூலையில் இரண்டு அடுக்குத் தமிழ்ப் புத்தகங்கள். பாதி தலைகீழாக இருந்தன. சமையல் குறிப்புக்குப் பக்கத்தில் திருக்குறள் உரை, அதற்குப் பக்கத்தில் துப்பறியும் நாவல். அளவு பார்த்து அடுக்கியிருக்கிறார்கள்! அங்கே வேலை செய்த மலாய்ச் சகோதரி மிகவும் பணிவாகச் சொன்னார்: "மன்னிக்க வேண்டும் ஐயா, எனக்கு இந்த எழுத்து தெரியாது. யாராவது கேட்டாலும் எடுத்துத் தர முடியவில்லை. அதனால் யாரும் வருவதில்லை. யாரும் இரவல் வாங்காததால் புதிதாக வாங்க எங்களால் எழுதிக் கேட்கவும் முடியவில்லை."

அவர் மேல் என்ன குற்றம்? அவர் சொன்னதை மீண்டும் ஒரு முறை படியுங்கள். தமிழ் தெரிந்த பணியாளர் இல்லை. அதனால் புத்தகம் வரிசையில் இல்லை. அதனால் வாசகர் இல்லை. அதனால் இரவல் கணக்கு இல்லை. அதனால் ஒதுக்கீடு இல்லை. இந்தச் சக்கரத்தைப் புத்தகத்தைக் கொட்டி நிறுத்த முடியாது. தமிழ் படிக்கத் தெரிந்த, சம்பளம் வாங்கும், பயிற்சி பெற்ற ஓர் ஆளால்தான் நிறுத்த முடியும்.

அந்த ஆள் எங்கிருந்து வருவார்? இந்த நாட்டில் நூலகப் படிப்பு 1968-இல் அன்றைய மாரா கழகத்தில் தொடங்கியது. இன்று அது மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். டிப்ளோமா முதல் மேற்பட்டம் வரை நூலகத் துறைக்கு ஆள் உருவாக்கும் மிகப் பெரிய பட்டறை அதுதான். அதன் வாசலில் பூமிபுத்ரா மாணவர்களுக்கு மட்டுமே இடம். எஸ்.பி.எம். முடித்த தமிழ்ப் பெண் ஒருத்தி, நூலகராக வேண்டும் என்று ஆசைப்பட்டு அங்கே விண்ணப்பிக்கவே முடியாது. நம் வரிப்பணமும் சேர்ந்து நடக்கும் பல்கலைக்கழகம்! பொது நூலகங்களில் தமிழ்ப் பெயரை அபூர்வமாகவே பார்க்கிறோமே, அதற்கு நம் பிள்ளைகளின் ஆர்வமின்மைதான் காரணம் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

அந்தக் கதவைத் திறக்கும் போராட்டம் நீண்டது, அது நடக்கட்டும். அதற்குள் நம் பிள்ளைகள் நுழையக்கூடிய வேறு வாசல்கள் இருக்கின்றன. எஸ்.பி.எம். தகுதியோடு நூலக உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். மத்திய அரசு வேலை என்றால் பொதுச் சேவை ஆணையத்தின் அகப்பக்கத்தில் பதிய வேண்டும். அந்தப் பதிவு ஓராண்டுக்குத்தான் செல்லும், புதுப்பிக்காவிட்டால் பெயர் விழுந்துவிடும். ஏதாவது ஒரு துறையில் பட்டம் பெற்ற பிள்ளை, மலாயாப் பல்கலைக்கழகத்தில் நூலகத் தகவல் அறிவியலில் முதுகலை படிக்கலாம். மலேசிய நூலகர் சங்கம் 1955 முதல் இயங்கி வருகிறது. கருத்தரங்குகளும் குறுகிய காலப் பயிற்சிகளும் நடத்துகிறது. மருத்துவர், வழக்கறிஞர் என்றே கனவு காணும் நம் வீடுகளில், "நூலகர்" என்ற சொல் ஒரு தடவையாவது ஒலித்திருக்கிறதா? ஓய்வூதியமோ சேமநிதியோ உள்ள, மழையில் நனையாத, மரியாதையான அரசாங்க வேலை அது!

நம்மவர்கள் செய்து காட்டியது

உலகம் முழுவதும் நூலகத் துறையில் மதிக்கப்படும் பெயர் ஒன்று சீர்காழியில் பிறந்த பெயர்: எஸ்.ஆர். ரங்கநாதன். 1931-இல் அவர் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். அதே ஆண்டு அக்டோபரில் மன்னார்குடிப் பக்கம் ஒரு மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். வாசகன் நூலகத்துக்கு வர முடியவில்லையா? நூலகம் வாசகனிடம் போகட்டும்! மாட்டு வண்டியில் முடிந்தது, இன்று வேனில் முடியாதா?

1948-இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. இந்தியாவில் மாகாண அளவில் அதுவே முதல் நூலகச் சட்டம். அதன் உயிர்நாடி நூலக வரி. தமிழ்நாட்டில் இன்று சொத்து வரி கட்டும் ஒவ்வொருவரும் அதில் நூற்றுக்குப் பத்து வீதம் நூலகத்துக்கென்று சேர்த்துக் கட்டுகிறார். அந்தப் பணம் உரிய நேரத்தில் நூலகத்துக்குப் போய்ச் சேருவதில்லை என்ற புகார்கள் அங்கேயும் உண்டு. ஆனால் "இது நூலகப் பணம்" என்று கணக்கில் பெயர் எழுதி வைத்திருப்பதால்தான் அவர்களால் சட்டம் பேசிக் கேட்க முடிகிறது. நாமும் சிம்பாங் ரெங்கம் மாவட்ட மன்றத்துக்கு மதிப்பீட்டு வரி கட்டுகிறோம். அதில் ஒரு ரிங்கிட்டுக்கு எத்தனை சென் நூலகத்துக்குப் போகிறது? கேட்டுப் பாருங்கள். ஒரு மன்றம் நினைத்தால் நூலகம் நடத்த முடியும் என்பதற்குப் பெட்டாலிங் ஜெயாவே சாட்சி.

பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரைப் பாருங்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் அதே சிங்கப்பூர்தான். அங்கே பொது நூலகங்களில் தமிழ்ப் புத்தகப் பிரிவும் உண்டு, தமிழ் தெரிந்த நூலகர்களும் உண்டு. தமிழ் அங்கே அதிகாரத்துவ மொழி. இங்கே அந்தத் தகுதி இல்லை என்பது தெரியும். ஆனால் அங்கே புத்தகம் கொடுத்ததோடு நிறுத்தாமல் ஆளையும் நியமித்தார்கள். பாடம் அதுதான்.

யாழ்ப்பாண நூலகத்தை நினைத்துப் பாருங்கள். 1981-இல் ஏறக்குறைய 97,000 நூல்களோடு எரிக்கப்பட்ட அந்தப் பெரிய நூலகம், 1933-இல் க.மு. செல்லப்பா என்ற ஒரு மனிதர் தம் வீட்டில் வைத்த புத்தகங்களிலிருந்து தொடங்கியது. சிறிதாகத் தொடங்குவதில் வெட்கம் இல்லை.

நாளைக்கே செய்யக்கூடியவை

மேடையில் பேசிக் கலைவதற்காக இதை எழுதவில்லை. செய்யக்கூடியவற்றை வரிசையாகச் சொல்கிறோம்.

முதலாவது, உறுப்பினராகுங்கள். வீட்டில் உள்ள எல்லாரையும் அருகிலுள்ள பொது நூலகத்தில் பதியுங்கள். தமிழ்ப் புத்தகம் இருந்தால் இரவல் வாங்குங்கள், திருப்பிக் கொடுங்கள், மறுபடியும் வாங்குங்கள். ஒவ்வொரு இரவலும் நமக்குப் போடும் ஓட்டு. தேசிய நூலகத்தில் பதிவு செய்தால் மின்னூல்களையும் கைப்பேசியிலேயே படிக்கலாம்.

இரண்டாவது, எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டது காற்றோடு போகும். எந்தத் தமிழ் நூல் வேண்டும், எத்தனை பேருக்கு வேண்டும், தமிழ் தெரிந்த பணியாளர் ஒருவர் வேண்டும் என்று கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு தமிழ் நூலிலும் 5 பிரதிகள் தேசிய நூலகத்துக்குப் போக வேண்டும். ஆக, நம் எழுத்தாளர்களின் நூல்கள் கோலாலம்பூரில் பத்திரமாக இருக்கின்றன. சிம்பாங் ரெங்கத்துப் பிள்ளையின் கைக்கு வர என்ன ஏற்பாடு என்று கேட்பதும் நம் வேலை.

மூன்றாவது, ஏழு பேர் சேருங்கள். 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி ஒரு சங்கம் பதிய ஏழு உறுப்பினர் போதும். பதிவு பெற்ற சங்கம் இல்லாமல் எந்த மானியத்துக்கும் வாய் திறக்க முடியாது. 2014-இல் செடிக் என்று தொடங்கி, 2018-க்குப் பிறகு மித்ரா ஆன அமைப்புக்கு ஆண்டுக்குப் பத்துக் கோடி ரிங்கிட் என்று வரவு செலவுத் திட்டங்களில் அறிவிக்கப்பட்டு வந்திருக்கிறது. அந்தப் பணம் எங்கே போனது என்று 2021-இல் ஊழல் தடுப்பு ஆணையம் விசாரணை நடத்தியதும், சங்கப் பொறுப்பாளர்கள் சிலர் கைதானதும் நாடறிந்த செய்தி. திட்டுவதோடு நிற்காதீர்கள். நேர்மையானவர்கள் விண்ணப்பிக்காத இடத்தை மற்றவர்கள் நிரப்புவார்கள். விண்ணப்பம் திறக்கும் நாளைக் கவனியுங்கள். கேட்கும் தொகையில் புத்தகத்துக்கு எவ்வளவு, ஆள் சம்பளத்துக்கும் பயிற்சிக்கும் எவ்வளவு என்று பிரித்துக் காட்டுங்கள். கணக்கைக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

நான்காவது, நம் வியாபாரிகளிடம் பேசுங்கள். 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி, பொதுமக்கள் பயன்படுத்தும் நூலக வசதிக்கோ, பொது நூலகத்துக்கோ, பள்ளி நூலகத்துக்கோ வியாபாரம் செய்பவர் கொடுக்கும் நன்கொடையில் ஆண்டுக்கு 100,000 ரிங்கிட் வரை வரிக்கழிவு உண்டு. வியாபாரம் இல்லாத தனிநபர் பணமாகக் கொடுத்தால் 20,000 ரிங்கிட் வரை உண்டு. உணவகமோ பட்டறையோ லாரிக் கம்பெனியோ நடத்தும் நம்மவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தமிழ்ப்பள்ளி நூலகமும் இதில் அடங்கும் என்பதால், பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் இந்தச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கேட்கலாம்.

ஐந்தாவது, மக்கள் பிரதிநிதிகளை விடாதீர்கள். 2018-இல் சிம்பாங் ரெங்கத்தில் வென்ற மஸ்லி மாலிக் நாட்டின் கல்வி அமைச்சரானார். 2022 மார்ச்சில் இதே நாடாளுமன்றத் தொகுதிக்குள் இருக்கும் மாச்சாப் சட்டமன்றத்தில் வென்ற ஓன் ஹாபிஸ் காஸி ஜோகூர் மந்திரி பெசாரானார். பெரிய பதவிகள் நம் வாசல்வரை வந்தன. நம்மில் எத்தனை பேர் அவர்களிடம் நூலகத்தைப் பற்றிக் கேட்டோம்? யார் வந்தாலும் ஒரே கேள்வியை விடாமல் கேட்போம்: "இந்த வட்டாரத்து நூலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்த பணியாளர் எப்போது?"

கேட்டால் கிடைக்குமா?

கிடைக்கும். குப்பைக் கிடங்கின் கழிவு ஆற்றில் கலந்து, தண்ணீர் கெட்டுக் குழாய் வறண்ட நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று பார்க்காமல் எல்லாரும் வாளியோடு வரிசையில் நின்றோம். எல்லாரும் சேர்ந்து குரல் கொடுத்தோம். 2019-இல் அந்தக் கிடங்கு மூடப்பட்டது. தாகம் எடுத்ததால் கேட்டோம். அறிவுக்கும் தாகம் உண்டு. அது தொண்டையை வறட்டாமல் தலைமுறையை வறட்டுகிறது. அதனால்தான் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

2020 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டுக் குடிமக்களில் நூறு பேரில் ஏறக்குறைய ஏழு பேர் நாம். ஏழு பேருக்கு ஓர் அலமாரி, அந்த அலமாரிக்கு ஓர் ஆள். இது சலுகை இல்லை, உரிமை. நன்கொடையாக வந்த பெட்டியைப் பூட்டி வைக்கும் காலம் போதும். பெட்டியைத் திறந்து, வரிசைப்படுத்தி, "வாம்மா, உனக்கு என்ன புத்தகம் வேண்டும்?" என்று நம் பிள்ளையிடம் தமிழில் கேட்கும் ஒருவர் அந்த மேசைக்குப் பின்னால் உட்கார வேண்டும்.

அந்த ஒருவர் இன்று உங்கள் வீட்டில் எஸ்.பி.எம். எழுதிக்கொண்டிருக்கலாம். இன்று இரவு சாப்பிடும்போது பேசிப் பாருங்கள். வரும் சனிக்கிழமை வீட்டோடு நூலகத்துக்குப் போய் முதல் பாரத்தை நிரப்புங்கள்.